வைரக்கண்ணுவுக்கு வந்த பெரிய மொய்

கடன் வாங்கி ஏமாத்துனவனுக்குக்கூட எங்க பக்கம் பொண்ணு கொடுப்பாங்க. வாங்குன மொய்யைத் திருப்பிச் செய்யாதவன் வீட்டு வாசலை நாய்கூட மிதிக்காது.

தையல்காரி இளஞ்சியத்தைக் காதலிச்ச காலத்துல, அவளோட ஒரு பவுன் தோட்டையும் சீட்டுப் பணம் எண்பதாயிரத்தையும் வாங்கித்தான் வைரக்கண்ணு புல்லட் எடுத்தான். உறவு முறிஞ்சதும் அவ போய்க் கேட்டா, "கொடுத்ததுக்குச் சாட்சி உண்டா?"ன்னு மீசையை முறுக்கினான்.

ஆவணியில வைரக்கண்ணு மொய் விருந்து வெச்சான். ஊரே கறிச்சோறு தின்னுச்சு. ஆனாலும் மொய்ப்பணம் பங்காளி வீட்டு விருந்தை எட்டல. முகம் சுண்டிப்போய் நின்னான். இளஞ்சியம் வயிறாரச் சாப்பிட்டுட்டு, மைக்குல மொய் வாசிக்கிறவர்கிட்ட போனா.

"வாசிங்கண்ணே. இளஞ்சியம், எண்பதாயிரம், ஒரு பவுன் தோடு. முன்கூட்டியே அவரு கையில கொடுத்துட்டேன்."

அவர் திகைச்சுப்போய், "தம்பி, வந்துச்சா?"ன்னார்.

பந்தலே திரும்பிப் பார்த்துச்சு. இதைச் சேர்த்தா பங்காளியை முந்திடலாம்னு வைரக்கண்ணு கணக்குப் போட்டான். ஒண்டிக்கட்டை இவ, எங்க விருந்து வெச்சுத் திருப்பிக் கேக்கப்போறா?

"வந்துச்சு, வந்துச்சு. சத்தமா வாசிங்க!"

வாசிச்சாங்க. விசில் பறந்துச்சு. அது அடங்குனதும் இளஞ்சியம் மைக்கை வாங்கினா.

"வர்ற வெள்ளிக்கிழமை இதே பந்தல்ல என்னோட மொய் விருந்து. பந்தல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. என் மொய்யை வாங்குனவங்க மறக்காம வந்துருங்க."

வெள்ளிக்கிழமை தோட்டோடயும் பணத்தோடயும் வைரக்கண்ணு வந்தான். நடந்துதான் வந்தான்.