பஸ்ஸில் ஏறாத யானை

திருப்பூரில் நாலு பேர் நடத்திய வீடியோ கேம் கம்பெனி அது. மூன்று வருடம் முதுகொடிய உழைத்து ‘நெரிசல்’ என்று ஒரு கேம் செய்திருந்தார்கள். அதில் பணம் போட நினைத்த தெய்வநாயகி அம்மாள், கம்பெனி தேறுமா என்று எடைபோட சபாபதி என்ற நிபுணரை நியமித்திருந்தார். கோட்டு சூட்டோடு வந்த சபாபதி, அந்த அம்மாள் முன்னாலேயே அறிக்கையை மேஜையில் வீசினார்.

“முழுசா விளையாடிட்டேன். சுத்தக் குப்பை. கம்பெனியை இழுத்து மூடுங்க.”

அந்த நாலு பேரில், கேமில் பிழை தேடுவதையே வேலையாகச் செய்யும் பூவிழி மட்டும் பணிவாக எழுந்தாள்.

“கடைசியில வர்ற யானைகிட்ட நாங்களே தோத்துப் போறோமுங்க. நீங்க எப்படி சார் ஜெயிச்சீங்க?”

“அந்த யானையா? ஒரே அடியில சாய்ச்சேன். சின்னப் பசங்க சமாச்சாரம்!”

“சார், இது டவுன் பஸ் கண்டக்டர் டிக்கெட் கொடுக்கிற கேமுங்க. யானையை எந்த ஸ்டாப்பில ஏத்துனீங்க?”

சபாபதி அறிக்கையைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினார். பூவிழி விடவில்லை.

“திறந்துகூடப் பார்க்காம எங்க மூணு வருஷத்தைக் குப்பைன்னு எழுத, உங்களுக்குக் கை கூசலீங்களா?”

தெய்வநாயகி அறிக்கையை இரண்டாகக் கிழித்தார். கேம் இருந்த பூவிழியின் போனை வாங்கிக்கொண்டு சபாபதியைப் பார்த்தார்.

“நானே விளையாடிப் பார்த்துக்கறேன். நீங்க இங்கேயே இறங்கிக்குங்க.”