அண்ணாச்சி உருவிப் போட்ட சாஃப்ட்வேர்

ஒரே ஒரு ஊராம். அந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் கடையாம். கடையில் சாமான் கம்மி, பேச்சு ஜாஸ்தியாம். அங்கே எஸ்தர் டீச்சர் லேப்டாப்பும் கையுமாக வந்து நின்றார். நாலு மணிக்குள் பத்தாம் வகுப்புக் கேள்வித்தாளை ஹெட்மாஸ்டருக்கு மெயிலில் அனுப்பியாக வேண்டும். வேறு யார் மெஷினிலும் அதைத் திறக்கவும் கூடாது.

"புது விண்டோஸ் போட்டோம் அண்ணாச்சி. கம்பெனிக்காரன் முன்னாடியே ஏத்தி அனுப்பின சாஃப்ட்வேரை எல்லாம்..."

"எடுக்கணும், அதானே?" கடைக்காரர் சுடலைமுத்து அண்ணாச்சி பாதியிலேயே பிடித்துக்கொண்டார். "போன மாசம் ஒரு வக்கீல் லேப்டாப்பு. உள்ள நூத்தெட்டு சாமான். ஒண்ணொண்ணா உருவ உருவ, மெஷின் எடை குறைஞ்சு மேசையை விட்டு எந்திரிச்சிருச்சு. ஃபேன்ல அடிபட்டுரக் கூடாதேன்னு கயித்துல கட்டிப் போட்டுத்தான் மிச்ச வேலையைப் பாத்தேன்."

"நானும் இங்கனதானே இருக்கேன், பாக்கலையே" என்றார் ஜெராக்ஸ் மெஷின் பக்கமிருந்த பீர்முகமது.

"நீரு டீ குடிக்கப் போயிருந்தீரு."

டீச்சருக்குச் சிரிப்பு முட்டியது. கண் மட்டும் கடிகாரத்திலேயே இருந்தது. "அண்ணாச்சி, நான் சொல்ல வந்தது..."

"அதுல ஒரு ஓசி ஆன்டிவைரஸ், டீச்சர். ஒரு மாசம் தங்குறேன்னு வந்தது, மூணு வருசமாப் போகல. சாக்குல கட்டி மதுரை பஸ்ல ஏத்திவிட்டேன். திரும்பி வந்து பாத்தா எனக்கு முன்னால கடையில உக்காந்திருக்கு."

"டிக்கெட் யாரு எடுத்தா?" என்றார் பீர்முகமது.

"உம்ம டிக்கெட் மெஷின்ல வைரஸ் இருக்குன்னு கண்டக்டரை மிரட்டியிருக்கு வே. அதுகூடப் பரவாயில்ல. வானிலை ஆப்பை உருவினேன் பாருங்க, வெளிய பேஞ்ச மழை அந்தரத்துல அப்படியே நின்னுருச்சு. விழணுமா வேண்டாமான்னு அதுக்குத் தெரியல. சனங்க மழையைக் கையால விலக்கிவிட்டு நடந்து போனாங்க."

டீச்சர் வாய்விட்டே சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்க வீட்டுக்காரரும் உங்களை மாதிரிதான். காலையில எல்லாத்தையும் உருவிட்டார். வைஃபையை வேலை செய்ய வைக்கிற சாஃப்ட்வேரும் அதோட போயிருச்சு. அதைத் திரும்பப் போட்டுக் குடுங்க, போதும்."

அண்ணாச்சி லேப்டாப்பைத் திறந்தார். சற்று நேரம் பார்த்தார். மூடினார்.

"போடுறதா? நம்ம கிட்ட உருவுறது மட்டுந்தான் டீச்சர்."

"எதுத்த கடைத் தம்பி சட்டுனு போட்டுருவான், வாங்க" என்று பீர்முகமது எழுந்து முன்னால் நடந்தார். டீச்சர் லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

"போங்க, போங்க" என்று அண்ணாச்சி வாசல் வரை வந்து சத்தம் கொடுத்தார். "அந்தத் தம்பி மண்டையில கெடந்த வேண்டாத சாமானை எல்லாம் உருவி விட்டதே நான்தான்."

டீச்சர் அதற்குள் ரோட்டைத் தாண்டியிருந்தார்.