பன்னிரண்டாவது கைத்தடம்

நெடுங்கரை ஏரியில் துழாவி என்றொரு நீர்நாய் இருந்தது. அந்த ஏரித் தண்ணீர் கலங்கல். கண்ணை விரித்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. கல்லுக்கு அடியில் கையை விட்டுத் துழாவித்தான் மீன் பிடிக்கும். அதனால் வந்த பெயர் அது.

அந்தக் கைக்கு இன்னொரு குணமும் இருந்தது. எங்கே வலி என்று தொட்டதும் அதற்குத் தெரிந்துவிடும். கால் பிசகிய கொக்கு, இடுப்புப் பிடித்த முயல், கழுத்துத் திரும்பாத மான் எல்லாம் அதைத்தான் தேடி வரும். நாலு விரலால் மெல்ல அழுத்திப் பார்க்கும்.

"இங்கேயா?"

"ஐயோ, அங்கேதான்!"

சின்னதாக ஒரு தள்ளு. அவ்வளவுதான். எலும்பு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. கழுத்தில் காக்கைச் சிறகு கட்டாதவர் யாருக்கும் வைத்தியம் பார்க்கக் கூடாது. பார்த்தால் காக்கைச் சபை கூட்டமாக வந்து தலையில் கொத்தும். துழாவி இரண்டு தடவை கொத்து வாங்கியிருக்கிறது.

சிறகு வேண்டுமானால் பள்ளியில் படிக்க வேண்டும். பள்ளி என்று இருந்தது மலைமேல் கரடிகள் நடத்தும் பச்சிலைப் பள்ளி ஒன்றுதான். அங்கே சேருவதற்குக் கண்ணைக் கட்டிவிட்டு நூறு இலையை முகரச் சொல்வார்கள். துழாவி மூன்று வருடம் ஏறி இறங்கியது. மூன்று வருடமும் நூறு இலையிலும் அதற்கு மீன் வாடைதான் அடித்தது!

"அடுத்த வருடம் வா" என்றது பெரிய கரடி. "வரும்போது குளித்துவிட்டு வா!"

தண்ணீரிலேயே பிறந்து தண்ணீரிலேயே வளர்ந்த நீர்நாயிடம் சொல்கிற பேச்சா அது? மற்றக் கரடிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. துழாவி மலை இறங்கியது.

அந்தக் கோடையில்தான் ஏரிக்கரை மருத மரத்தடியில் ஒரு புதுப் பள்ளி தொடங்கினார்கள். எலும்பையும் மூட்டையும் கையால் தொட்டுச் சீராக்கும் பள்ளி. இலை முகர வேண்டாம். ஈரக் களிமண் பலகை ஒன்று செய்து, அதில் பன்னிரண்டு கட்டம் போட்டு வைத்திருந்தார்கள். சேர விரும்புகிறவர் ஒரு கட்டத்தில் தன் கைத்தடத்தைப் பதிக்க வேண்டும். அதுதான் விண்ணப்பம்.

பள்ளியின் தலைமை ஆசிரியை ஒரு முள்ளம்பன்றி.

துழாவி போய்ப் பார்த்தது. கொஞ்சம் தள்ளியே நின்றது.

"பயப்படாதே. நானும் தள்ளித்தான் நிற்பேன்" என்றது முள்ளம்பன்றி. "உன் கையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நீட்டு, பார்க்கலாம்."

பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது.

"அம்மா, தப்பாக நினைக்காதீர்கள். உங்களை யாரும் தொட முடியாது. நீங்கள் தொடுகிற வித்தையை எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள்?"

"என்னை யாரும் தொட்டதில்லை. அதனால்தான் தொடுவதைப் பற்றி இத்தனை வருடம் யோசித்திருக்கிறேன்."

துழாவி கையை இழுத்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டது.

"சபை சிறகு கொடுக்குமா அம்மா?"

"பொய் சொல்ல மாட்டேன். இன்னும் இல்லை. முதல் பன்னிரண்டு பேரும் படித்து முடிக்க ஆறு மழைக்காலம் ஆகும். பன்னிரண்டும் தேறியபின் மூங்கிலரிசிச் சோறு வடித்து வைப்போம். காக்கை அந்தச் சோற்றை எடுத்தால் சிறகு உண்டு. எடுக்காமல் பறந்துபோனால் ஆறு மழையும் தண்ணீரோடு போனதுதான். அதுவரைக்கும் வேறு யாரையும் சேர்க்கவும் முடியாது."

கணக்கு துழாவிக்குப் புரிந்தது. ஆறு மழை காத்திருந்து இரண்டாம் அணியில் சேர்ந்து, பிறகும் ஆறு மழை படிக்க நீர்நாய்க்கு ஆயுள் போதாது. இப்போது இல்லையென்றால் எப்போதும் இல்லை.

"பதினோரு கட்டம் நிறைந்துவிட்டது" என்றது முள்ளம்பன்றி. "பன்னிரண்டாவதை உனக்காக வைத்திருக்கிறேன். பௌர்ணமி வரை தாமரை இலை போட்டு ஈரமாக வைத்திருப்பேன். அன்றைக்கு உச்சிவெயிலில் இலையை எடுத்துவிடுவேன். வருவதானால் வா. வேண்டாமென்றால் சொல்லி அனுப்பு. வேறு யாருக்காவது கொடுத்துவிடுவேன்."

துழாவி வழியில் ஒரு காக்கையைக் கேட்டது.

"ஐயா, புதுப் பள்ளியைச் சபை ஏற்றுக்கொண்டதா?"

காக்கை தலையைச் சாய்த்தது. "மருத மரத்தில் உட்கார்ந்திருக்கிறோம்."

"அப்படியென்றால் ஏற்றுக்கொண்டீர்களா?"

"உட்கார்ந்தால் சாப்பிடுவோம் என்று அர்த்தமில்லை. சாப்பிட மாட்டோம் என்றும் அர்த்தமில்லை! போ, போ!"

சேரலாமா, வேண்டாமா? துழாவிக்குக் கூழாங்கல்லை உருட்டிக்கொண்டுதான் யோசிக்க வரும். சேருவதற்கு ஒரு காரணம் தோன்றினால் வெள்ளைக்கல் வைத்தது. வேண்டாம் என்பதற்கு ஒன்று தோன்றினால் கருப்புக்கல். முதல் நாள் முடிவில் வெள்ளை நான்கு, கருப்பு இரண்டு.

மறுநாள் காலையில் உடும்பு வந்தது. ஏரியின் மேல்கரையில் ஒரு பொந்தில் இருக்கும் உடும்பு. நல்ல பேச்சுக்காரன். அதன் நகத்தில் ஈரக் களிமண் ஒட்டியிருந்தது. துழாவி அதைப் பார்த்தது. பார்த்துவிட்டுக் கல்லை உருட்டிக்கொண்டிருந்தது.

"என்ன தங்கச்சி, பல்லாங்குழியா?"

"இல்லையண்ணே. புதுப் பள்ளியில் சேரலாமா என்று பார்க்கிறேன்."

"ஓ! அந்தத் தடவுகிற பள்ளியா?" உடும்பு நாக்கை நீட்டிச் சிரித்தது. "சேரலாம், சேரலாம். உன் இஷ்டம். ஒன்று மட்டும் கேட்கிறேன். அங்கே படித்துத் தேறியவர் ஒரு ஆளைக் காட்டு."

"இனிமேல்தானே தேற வேண்டும்?"

"அதைத்தான் சொல்கிறேன்!" உடும்பு ஒரு கருப்புக்கல்லைத் தள்ளி வைத்தது.

அடுத்த நாளும் வந்தது. "தங்கச்சி, ராத்திரி பூராவும் உன்னைப் பற்றித்தான் யோசனை. பள்ளி இருக்கிறது, நோயாளி எங்கே? எதைத் தொட்டுப் படிப்பாய்? மருத மரத்தையா?"

இன்னொரு கருப்புக்கல்.

அதற்கு அடுத்த நாள், "சரி, சிறகே கிடைத்தது என்று வைத்துக்கொள். மலைக்கரடிகள் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுமா? 'இது தடவுகிற வைத்தியர்' என்றுதானே சொல்லும்?"

துழாவிக்குப் பெரிய கரடியின் சிரிப்பு ஞாபகம் வந்தது. அந்தக் கல்லை அதுவே எடுத்து வைத்தது.

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான் தங்கச்சி. நீ ஏமாந்து நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் வராது. காக்கை சோறெடுக்கவில்லை என்றால் ஆறு மழை! உன் வாழ்நாளில் பாதி!"

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. துழாவியும் எல்லாவற்றையும் விசாரித்துப் பார்த்தது. தேறியவர் இல்லை என்பது உண்மை. பள்ளிக்கு நோயாளி வருவதில்லை என்பதும் உண்மை. கரடிகள் இளக்காரமாகப் பேசுவதும் உண்மை. ஒவ்வொரு தடவையும், "அண்ணன் சொன்னது சரிதான்" என்றே திரும்பி வந்தது.

இப்படியே தினமும் கல் ஏறி, பௌர்ணமிக்கு முந்தின நாள் வெள்ளை நான்கு, கருப்பு ஒன்பது.

"அண்ணே, நான் சேரவில்லை" என்றது துழாவி. "என்னால் போய் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது. நீங்கள் அந்தப் பக்கம் போனால் சொல்லிவிடுகிறீர்களா?"

"அதற்கென்ன தங்கச்சி! இப்போதே போகிறேன்!"

அவ்வளவு வேகமாக உடும்பு ஓடித் துழாவி பார்த்ததே இல்லை.

பௌர்ணமி அன்று உச்சிவெயில் சாய்ந்தபின் துழாவிக்கு மனசு கேட்கவில்லை. நீந்திப் போய் நாணல் மறைவில் தலையை நீட்டிப் பார்த்தது. பலகை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டாவது கட்டத்தில் ஆழமாக ஐந்து நகம். பக்கத்தில் வால் இழுத்த கோடு.

நகத்துக் களிமண் அப்போதுதான் அதற்கு விளங்கியது. இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று உடும்பு தினமும் பலகையைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கருப்புக்கல் வைக்க வந்திருக்கிறது!

மழைக்காலங்கள் போயின. மருத மரத்தடியிலிருந்து முள்ளம்பன்றியின் குரல் தண்ணீருக்கு மேலாக வரும். "உடும்பே, பிடியைத் தளர்த்து! தொடச் சொன்னேன், பிடிக்கச் சொல்லவில்லை!" ஆறு மழையும் அதே குரல்தான். உடும்பு தளர்த்தவில்லை. அதைத் தேறவில்லை என்று நிறுத்திவைக்கவும் முடியாது. பன்னிரண்டில் ஒன்று குறைந்தாலும் காக்கை சோற்றைத் திரும்பிப் பார்க்காது. மற்றப் பதினோரு பேரின் ஆறு மழையும் போய்விடும். கடைசி நாள் முள்ளம்பன்றி கண்ணை மூடிக்கொண்டு, "தேறியது" என்றது.

மூங்கிலரிசிச் சோறு வடித்து வைத்தார்கள். காடே கூடி நின்றது. பெரிய காக்கை இறங்கி வந்தது. சோற்றைச் சுற்றி இரண்டு தரம் நடந்தது. ஒரு வாய் எடுத்தது!

பன்னிரண்டு கழுத்திலும் சிறகு ஏறியது. நோயாளிகள் வரிசை கட்டினார்கள். கரடிகளே முதுகுவலி என்று மலையிறங்கி வந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வைத்தியரைச் சபை அமர்த்தியது. துழாவி இருந்த கீழ்க்கரைக்கு உடும்பு வைத்தியராக வந்தது.

அந்த வருடம் ஏரியில் வெள்ளம். உருண்டு வந்த மரக்கட்டைக்கும் பாறைக்கும் நடுவில் துழாவியின் வலது கை மாட்டிக்கொண்டது. பிடுங்கி எடுத்தபோது மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது. எந்த எலும்பு விலகியிருக்கிறது, எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று அதற்குத் தெரியும். ஆனால் ஒற்றைக் கையால் இன்னொரு கையைச் சேர்க்க முடியவில்லை. கொக்கை உதவிக்குக் கூப்பிட்டது.

"எனக்கு நீ செய்ததை நான் மறக்கவில்லை. ஆனால் என் கழுத்தில் சிறகு இல்லையே!" என்று கொக்கு வானத்தைப் பார்த்தது. காக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

மற்ற வைத்தியர்கள் எல்லாம் வெள்ளத்துக்கு அக்கரையில். வேறு வழியில்லை. துழாவி கையைத் தாங்கிக்கொண்டு உடும்பிடம் போனது.

"அடடே, வா தங்கச்சி! எத்தனை நாளாயிற்று!"

"உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்."

"கேள், கேள்."

"அந்தப் பள்ளி வேண்டாம் என்று எனக்குச் சொன்னீர்களே."

"நான் சொன்னதில் ஏதாவது பொய்யா?"

"இல்லை."

"பின்னே?"

"அத்தனையும் தெரிந்தும் நீங்கள் ஏன் சேர்ந்தீர்கள்?"

உடும்பு கொஞ்சமும் கூசவில்லை. "இடம் காலியாக இருந்தது தங்கச்சி" என்றது. "கையைக் காட்டு."

துழாவி காட்டியது. "சுண்டுவிரல் பக்கத்து எலும்புதான் விலகியிருக்கிறது. மெல்ல வெளிப்பக்கம் தள்ளினால் போதும். மெல்ல."

"வைத்தியர் நீயா, நானா?"

உடும்பு பிடித்தது. ஐந்து நகமும் இறங்கின.

"விடுங்கண்ணே! விடுங்கள்!"

"பிடித்ததை விடுகிற வழக்கம் எங்கள் குலத்தில் இல்லை!"

மளுக்கென்று சத்தம் கேட்டது. கரையில் வரிசையில் நின்ற முயல்கள் காதைப் பொத்திக்கொண்டன.

அந்தக் கை பிறகு சேரவே இல்லை. வலி எங்கே என்று யாரைத் தொட்டாலும் அதற்கு இப்போது தெரிவதில்லை. மீன்கூட மற்ற நீர்நாய்கள் தின்று மிச்சம் வைப்பதுதான். ஒரு நாள், முன்பு கல் வைத்து யோசித்த தன் பழைய பொந்தைத் தேடிப் போனது. வெள்ளைக்கல் நான்கும் அங்கேயே கிடந்தன. ஒன்றை எடுக்கப் பார்த்தது. விரல் மடங்கவில்லை. கல் வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. கலங்கலில் அது எங்கே போனது என்று தெரியவில்லை. துழாவிப் பார்க்கவும் கை இல்லை.

யோசனை சொல்பவர் பேச்சில் உண்மை இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். உங்களிடம் பேச வருவதற்கு முன் அவர் கால் எங்கே போய் வந்தது என்றும் பாருங்கள்.