இருவாச்சி வாசலை அடைத்த கதை

மலைக்காட்டில் மிருகமும் பறவையும் ஓயாமல் பேசிக்கொண்டு, சந்தை கூட்டி வியாபாரமும் பண்ணிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே காசு என்றால் அத்திப்பழம்தான். எது வாங்கினாலும் பழம் கொடுத்து வாங்க வேண்டும். பசித்தால் அதையே தின்றுகொள்ளலாம். நம் காசைவிட எவ்வளவோ மேல்!

அந்தக் காட்டில் மருதாயி என்று ஒரு பெண் இருவாச்சி இருந்தாள். பெரிய மஞ்சள் அலகு, அதைவிடப் பெரிய மனசு, ஆனால் ஓட்டைக் கை. பறவைக்கு ஏது கை என்று கேட்காதீர்கள். ஓட்டை இருந்தது, அவ்வளவுதான். புனுகுப் பூனை வாசனை விற்றுக்கொண்டு வந்தால் ஒரு சொட்டு வாங்கிவிடுவாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று குரங்கு மூக்கைச் சிந்தினால், பொய் என்று தெரிந்தும் நாலு பழம் கொடுத்துவிடுவாள்.

புருஷன் நல்லான் நேர் எதிர். அப்படியொரு கஞ்சன். பறித்த பழத்தைத் தொண்டைப்பையிலேயே அடக்கிக்கொண்டு, நாளைக்கு ஆகும், நாளைக்கு ஆகும் என்று புளிக்க விடுவான். வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்க முடியாது.

முந்தின வருஷம் இவர்களுக்கு ஒரு குஞ்சு பிறந்தது. மருதாயியிடம் இருந்த பழம் சந்தைக்குப் போயிற்று, நல்லானிடம் இருந்தது அழுகிப் போயிற்று. குஞ்சு பசியிலேயே செத்துப்போனது. பாவம், மருதாயி அழுத அழுகையில் அன்றைக்குச் சந்தையே கூடவில்லை.

மறுபடி முட்டையிடும் நாள் நெருங்கியது. இதையும் சாகக் கொடுத்துவிடுவோமோ என்று பயந்தாள். இனி ஒரு பழம்கூடச் செலவழிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். சத்தியம் மத்தியானம் வரை நின்றது. பிறகு சேர்த்ததையெல்லாம் மலையணிலிடம் கொடுத்து, "நான் கேட்டாலும் தராதீங்க அண்ணே" என்றாள். மறுநாளே, "அண்ணே, ஒரே ஒரு பழம்" என்று போய் நின்றாள். மூன்றாம் நாள் அணில், "தாயே, ஆளை விடு" என்று அத்தனையையும் அவள் கிளையிலேயே வைத்துவிட்டு ஓடிவிட்டது. சாயங்காலத்துக்குள் அதுவும் தீர்ந்தது.

மருதாயி மரப்பொந்துக்குள் உட்கார்ந்தாள். வழக்கமாகத் தன்னைத் தானே திட்டிக்கொள்வாள். அன்றைக்குத் திட்டவில்லை. எந்தப் பழம் எங்கே போயிற்று என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பொந்துக்குள் இருக்கும்போது வாசனை வேண்டும் என்று ஒரு நாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. பூனையின் முகத்தைப் பார்த்தால்தான் வந்தது வினை.

"இந்தாய்யா, எனக்குப் புரிஞ்சு போச்சு" என்றாள் நல்லானிடம். "நாலு முகத்தப் பாத்துட்டா எனக்கு இல்லேன்னு சொல்ல வராது. அது என் குணம். அத மாத்த முடியாது. முகத்தப் பாக்காம வேணா இருந்துக்கலாம்."

"ரெண்டு நாள் இருப்பியா நீ?"

"இருக்க மாட்டேன். அதான் வாசல அடைக்கப் போறேன். மண்ணு கொண்டா."

"மண்ணுக்குப் பழம் ஏதும் குடுக்கணுமா?"

"ஓசிதான்யா, போ!"

ஓசி என்றதும் நல்லான் பறந்து பறந்து மண் கொண்டுவந்தான். அவள் உள்ளே இருந்தபடியே வாசலைப் பூசினாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு சந்து மட்டும் விட்டாள்.

"இது வழியா ஒவ்வொரு பழமா ஊட்டு."

"எல்லாத்தையுமா? அப்புறம் நாளைக்கு?"

"நாளைக்கானத நாளைக்குப் பறிச்சுக்க. உன் குணத்துக்கும் சேத்துத்தான் இந்தச் சந்து. பசிச்ச அலகு கண்ணெதிர நீட்டிக்கிட்டு இருந்தா உன்னால அடக்கி வச்சுக்க முடியாது. உன்ன எனக்குத் தெரியாதா?"

முட்டையிட்டாள். ஐந்தாம் நாள் புனுகுப் பூனை மரத்தடியில் வந்து, "மருதாயி, புதுச் சரக்கு!" என்று கூவியது. அவளுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. மண்ணை ஒரு கொத்து கொத்தியும் விட்டாள். இரண்டாவது கொத்துக்கு அலகைத் தூக்கியபோது முட்டை காலடியில் லேசாக உருண்டது.

மருதாயி அலகைத் தன் சிறகின் மேலேயே திருப்பினாள். இறகு இருந்தால்தானே பறப்பாய் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சந்து வழியாக வெளியே தள்ளினாள். உயிர் போகிற வலி. ஆனாலும் இந்தக் குஞ்சு பிழைத்துவிடும் என்ற நம்பிக்கை அப்போதுதான் அவளுக்கு வந்தது. பூனை, விழுந்த இறகுகளைப் பார்த்துவிட்டுச் சரக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

நல்லான் முதலில் ஒரு நாளைக்கு ஒரு பழம்தான் கொடுத்தான். சந்தில் நீட்டிய அலகு நீட்டியபடியே இருக்க, மனசு கேட்காமல் இன்னொன்று கொடுத்தான். ஒருநாள் அந்த அலகுக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னோர் அலகு எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான்! "இந்தா, இந்தா, இன்னும் இருக்குடா கண்ணு" என்று தொண்டையைக் காலி பண்ணிவிட்டு, மறுபடி பறிக்க ஓடினான்.

குஞ்சு கொழுகொழுவென்று வளர்ந்தது. மருதாயிக்கும் புது இறகு முளைத்தது. மண்ணை உடைத்துக்கொண்டு வெளியே வந்தவள் முதலில் எங்கே போனாள் என்கிறீர்கள்? சந்தைக்குத்தான்! வீட்டில் மூன்று வயிறும் நிறைந்திருந்தது, அதனால் நல்லானும் தடுக்கவில்லை.

அந்த வருஷத்திலிருந்துதான் பெண் இருவாச்சி முட்டையிடும் காலம் வந்தால் தன் வாசலைத் தானே அடைத்துக்கொள்கிறது, இறகைத் தானே உதிர்த்துவிடுகிறது. ஆண் இருவாச்சியும் தொண்டை நிறையப் பழம் கொண்டுவந்து, கடைசிப் பழம் வரை சந்து வழியாக ஊட்டிவிட்டுத்தான் போகிறது.