வைத்தவர் எடுக்கும் கல்

சேந்தனுக்கு ஐம்பத்தாறு வயது. அவர் தேடி வந்த ஆசானுக்கு முப்பத்தெட்டு. அதில் யாருக்கும் சங்கடம் இருக்கவில்லை, சேந்தனின் முழங்கால்களைத் தவிர.

அரசருக்காக நாடு முழுக்க வழி அளந்தவர் அவர். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை காதம், எங்கே கிணறு, எங்கே சத்திரம் என்று நடந்து பார்த்து ஓலையில் எழுதிக் கொடுப்பதுதான் வேலை. அப்படி நாற்பத்தோரு வழிகளை எழுதி முடித்திருந்தார். மிச்சம் நெடுங்கோடு ஒன்றுதான். நாட்டிலேயே உயரமான மலை அது. அதன் உச்சியைப் பார்க்காமல் போனால் என் கட்டை வேகாது என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

மலையேறுகிறவர்களுக்கு முன்னால் நடந்து வழி காட்டுகிறவரை அந்தப் பக்கத்தில் முன்னடி என்பார்கள். மலையடியில் இருந்த செங்கம்மாதான் அப்போதைய முன்னடி. ஊர் அவரை முன்னடியம்மா என்று கூப்பிட்டது. சேந்தனும் அப்படியே கூப்பிட்டார்.

"நானும் முன்னடி ஆகணும்" என்றார் வந்த அன்றே.

"எதுக்குங்கய்யா?"

"இந்த மலையில என் கல் ஒண்ணு நிக்கணும்."

முன்னடி ஆகிறவர் மலையில் தனக்கென்று ஒரு கல்லடுக்கு வைப்பது வழக்கம். வழி இரண்டாகப் பிரியும் இடத்தில், போக வேண்டிய பக்கமாக, முழங்கால் உயரத்துக்கு ஏழு கற்கள். தனியாக ஏறுகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் ஏறுவார்கள். எனக்கு வழி தெரியும் என்று யாருக்குத் தோன்றுகிறதோ அவர் வைக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கட்டு உண்டு. வைத்த கல்லை வைத்தவர்தான் எடுக்கலாம். வேறு யார் கையும் அதில் படக் கூடாது.

செங்கம்மா சிரிக்கவில்லை. சேந்தன் அதற்கே நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

"மலையைத் தெரிஞ்சுக்க எத்தனை தடவை ஏறணும், முன்னடியம்மா?"

"வருஷத்துல எத்தனை பருவம்?"

"ஆறு."

"ஆறு தடவை ஏறிட்டு வந்து கேளுங்க."

அப்போது பின்பனிக் காலம். சேந்தன் செங்கம்மாவின் பின்னால் முதல் தடவை ஏறினார். விடியற்காலையில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. காலடியில் அது நொறுங்கும் சத்தம் அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனது. வேண்டுமென்றே வழியை விட்டு விலகிப் புல்லில் நடந்தார்.

அவர் கேள்வி கேட்கிற மனிதர். வரையாடுகள் ஏன் காலையில் கிழக்குச் சரிவில் நிற்கின்றன? இந்தப் பாறையில் மட்டும் ஏன் பாசி இல்லை? மேலே போகப் போக மரங்கள் ஏன் குள்ளமாகின்றன? செங்கம்மா சிலவற்றுக்குப் பதில் சொன்னார். சிலவற்றுக்கு, "வரையாட்டையே கேளுங்க" என்றார். ஒருநாள் சேந்தன் உண்மையாகவே ஒரு வரையாட்டின் எதிரில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு, மூக்கு சிவக்கத் திரும்பி வந்தார்.

"என்ன சொல்லுச்சு?"

"வெயிலுக்குத்தான் நிக்குது. எனக்குத்தான் குளிரிச்சு."

மலையில் இருந்த கல்லடுக்குகளை அவர் எண்ணினார். பத்தொன்பது. ஒவ்வொன்றும் யார் வைத்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார். பத்தொன்பதுக்கும் பெயர் கிடைத்தது.

"இதுல உங்க கல் எது?"

"இல்லீங்க."

"முன்னடிக்குக் கல் இல்லையா?"

செங்கம்மா அதற்குப் பதில் சொல்லாமல் நடந்தார். அவர் பதில் சொல்லாத இன்னொரு கேள்வியும் உண்டு. அவர் வீட்டுக் கூரையோர இறவானத்தில் ஒரு செருப்பு தொங்கியது. ஆண் செருப்பு, பெரிய கால், தோல் காய்ந்து விறைத்திருந்தது. ஒற்றைச் செருப்பு. "இதோட ஜோடி எங்கே?" என்று சேந்தன் கேட்டபோது, செங்கம்மா உள்ளே போய் அடுப்பைப் பார்த்தார்.

இளவேனிலில் இரண்டாம் தடவை ஏறினார்கள். காட்டுப் பூவரசு சிவப்பாகப் பூத்திருந்தது. வண்டுகளின் இரைச்சலில் பேசுவதே கேட்கவில்லை. பின்பனியில் பார்த்த மலைதானா இது என்று சேந்தன் வியந்துபோனார். இரண்டு பருவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினார்.

முதுவேனிலில் செங்கம்மா அவரைத் தனியாக அனுப்பினார். அப்போதுதான் அது நடந்தது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே வழி ஒரு புல்வெளியின் ஓரத்துக்கு வந்து, அங்கிருந்து பாறைகளைச் சுற்றிக்கொண்டு போகும். மூன்று நாழிகைச் சுற்று. புல்வெளியின் குறுக்கே போனால் அரை நாழிகை. இதை மூன்று பருவமாகப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அன்று பொறுக்கவில்லை. இறங்கி நடந்தார். தரை களத்துமேடு மாதிரி கெட்டியாக இருந்தது. எருமைகள் மேய்ந்து புல் கட்டையாக நின்றது. குதித்துப் பார்த்தார். கைத்தடியால் குத்திப் பார்த்தார். அந்தப் பக்கம் போய், திரும்பி வந்து, மறுபடியும் போனார்.

இத்தனை தலைமுறையாக முன்னடிகள் கண்ணை எங்கே வைத்திருந்தார்கள் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏழு கற்களைப் பொறுக்கினார். புல்வெளியின் பக்கமாக அடுக்கினார். தள்ளி நின்று பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

கீழே வந்து செங்கம்மாவிடம் சொன்னார். கேட்கவில்லை, சொன்னார்.

"கல் வச்சுட்டேன், முன்னடியம்மா. புல்வெளிக் குறுக்கே. ரெண்டரை நாழிகை மிச்சம்."

செங்கம்மா தினை புடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அந்தப் புல்லுல என்ன பூத்திருந்துச்சுங்க?"

"ஒண்ணும் பூக்கலையே."

"சரிங்க" என்றார். மறுபடியும் முறம் ஆடத் தொடங்கியது.

ஒரு பாராட்டு வரும் என்று நினைத்திருந்த சேந்தனுக்கு முகம் சுண்டிப்போனது. பொறாமையோ என்றுகூட ஒரு கணம் நினைத்தார். பிறகு அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டார். ஊரில் பலர் அவர் கல்லைப் பற்றிப் பேசினார்கள், அது போதுமாக இருந்தது.

கார் பிறந்தது. முதல் மழை இரவும் பகலும் கொட்டியது. மழை பிடித்த அன்றே செங்கம்மா மேலே போய்விட்டார். வருஷா வருஷம் அப்படித்தான், மழை விட்டால்தான் இறங்குவார் என்றார்கள். எதற்குப் போகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

நாலாம் நாள் கீழ்ச்சரிவு ஊரிலிருந்து பெண்கள் எட்டுப் பேர் வந்தார்கள். உச்சிப் பாறையின் குழியில் தேங்கும் முதல் மழைநீரைக் குடுவையில் எடுத்துவந்து விதைத் தினையில் தெளிப்பது அவர்கள் வழக்கம். முன்னடியை எதிர்பார்க்க மாட்டார்கள். கல்லடுக்கைப் பார்த்து அவர்களே ஏறிவிடுவார்கள். அதில் மூத்தவளான வீராயி சேந்தனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"நீங்கதானுங்களா புதுக் கல்லு வச்ச பெரியவர்? உங்க புண்ணியத்துல இந்தத் தடவை இருட்டறதுக்குள்ள வந்துருவோம்."

சேந்தனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் எருமை மேய்க்கும் கெங்கன் வந்தான். அந்த மலைக்கு மேய்க்க வந்து அவனுக்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இடுப்புவரை சேறு. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"என்னப்பா இது கோலம்?"

"உசிரு தப்பிச்சதே பெரிசுங்க. வெயில் காலத்துல நடந்த இடம்தானேன்னு மேல் பக்கமா இருந்து எறங்கினேன். நாலே எட்டு. கன்னு கழுத்து வரைக்கும் போயிருச்சு. கயித்தைப் போட்டு இழுத்தேன். செருப்பு ஒண்ணு உள்ளயே போயிருச்சுங்க. அப்புறம் மேற்கால சுத்திக்கிட்டு வர்றேன்."

"எந்த இடம்?"

"அதானுங்க, உங்க புதுக் கல்லு காட்டுதே, அந்தப் புல்வெளி."

சேந்தன் குடை எடுக்கவில்லை. கைத்தடி எடுக்கவில்லை. தனக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பதே அன்று அவருக்கு மறந்துபோனது.

வழி நெடுகச் சேற்றில் எட்டுப் பேரின் காலடிகள் தெரிந்தன. அவர் வீராயியின் பெயரைச் சொல்லிக் கூவினார். மழை இரைச்சலில் அது அவர் காதுக்கே கேட்கவில்லை. விழுந்தார், எழுந்தார். தெய்வமே, அவர்கள் வழியில் எங்காவது உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். பேசிக்கொண்டே மெதுவாகப் போயிருக்க வேண்டும், ஒருத்திக்காவது கால் வலித்திருக்க வேண்டும்.

வழி பிரியும் இடம் வந்தது. ஏழு கற்களும் அவர் வைத்தபடியே, ஒன்றுகூட நகராமல் நின்றன. அதன் பக்கத்தில், இலையால் முடைந்த கொங்காணியைத் தலைக்குப் போட்டுக்கொண்டு செங்கம்மா உட்கார்ந்திருந்தார்.

"வாங்கய்யா."

"எட்டுப் பேர்..."

"பாறை வழியா அனுப்பிட்டேன். என்னைத் திட்டிக்கிட்டே போறாங்க."

சேந்தன் அப்படியே சேற்றில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, ஐம்பத்தாறு வயது ஆள் அழக் கூடாத விதத்தில் அழுதார். செங்கம்மா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுகை அடங்கியதும் கோபம் வந்தது.

"தெரிஞ்சும் நீங்க ஏன் கல்லை எடுக்கலை?"

"வச்சவங்கதான் எடுக்கணும்."

"முதுவேனில்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்து எடுத்திருப்பேனே!"

"எடுத்திருப்பீங்க. எடுத்துட்டு உக்காந்து நாப்பத்திரண்டாவது ஓலையை எழுதியிருப்பீங்க."

சேந்தன் வாயைத் திறந்தார். நாற்பத்தோரு வழிகளும் நினைவுக்கு வந்தன. எந்த வழியிலும் அவர் இரண்டாம் முறை நடந்ததில்லை. ஆற்றோர வழி ஒன்றை, ஆறு வற்றிக் கிடந்த பங்குனியில் அளந்தது ஞாபகம் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"ஆள் போயிருந்தா?" என்றார் பிறகு.

"அதுக்குத்தானே உக்காந்திருக்கேன்."

சேந்தன் எழுந்து மேல் கல்லை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். செங்கம்மா மோவாயால் புல்வெளியைக் காட்டினார்.

புல்வெளி முழுக்க மஞ்சளாகப் பூத்திருந்தது. பின்பனியிலும் இளவேனிலிலும் முதுவேனிலிலும் ஒரு பூகூட இல்லாத இடம். அதைவிட அழகான ஒன்றை அந்த மலையில் அவர் பார்த்ததில்லை. சேந்தன் கல்லை வீசினார். பூக்கள் ஒரு தடவை விலகின. பிறகு சேர்ந்துகொண்டன. விழுந்த இடம் எது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

மீதி ஆறு கற்களையும் அவரே எடுத்து, பாறையோரம் தள்ளி வைத்தார். செங்கம்மா உதவிக்கு வரவில்லை. கடைசிக் கல்லின் அடியில் மண் காய்ந்திருந்தது. மழை உடனே அதை நனைத்தது.

"எடுத்தாச்சே. இறங்கலாமா?"

"நீங்க போங்க. நான் மழை விட்டுத்தான் வருவேன்."

"இனிமே எதுக்கு? கல்தான் இல்லையே."

"போன வருஷமும் கல் இல்லீங்க. இங்கேதான் இருந்தேன்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"இங்கேதான்."

"எத்தனை வருஷமா?"

"பதினாலு."

சேந்தனின் பழைய குணம் எட்டிப் பார்த்தது. கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே கேட்டார்.

"எனக்கு முன்னால இந்த இடத்துல யாராவது கல் வச்சாங்களா?"

"வச்சாங்க."

"யாரு?"

"நான்."

மழை கொங்காணியின் மேல் சடசடவென்று பெய்தது. சேந்தன் மெதுவாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்போ?"

"ஒரு முதுவேனில்ல. தரை நல்லா கெட்டியா இருந்துச்சு. குதிச்சுப் பார்த்துட்டுத்தான் வச்சேன்."

இறவானத்தில் தொங்கும் அந்தப் பெரிய ஒற்றைச் செருப்பு சேந்தனின் கண்முன் வந்தது. அதைப் பற்றி இனி எப்போதும் கேட்பதில்லை என்று முடிவு செய்தார். ஆனால் இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது. அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்த வருஷம் கார் வந்தப்போ, இங்கே யார் உக்காந்திருந்தாங்க, முன்னடியம்மா?"

செங்கம்மா கொங்காணியைக் கொஞ்சம் விரித்து, அவர் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார்.

"யாரும் இல்லீங்கய்யா."