ராஜாவின் பூனைக்கண்

முன்னொரு காலத்தில் வெள்ளாம்பல் நாட்டை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டுவந்தான் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஆண்டதெல்லாம் அவனுடைய மந்திரி உலகுடையார். ராஜா கல் சேர்த்துக்கொண்டிருந்தான்.

அதிலும் வைடூரியம் என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கல்லுக்குள் பூனையின் கண்மணி போல ஒரு வெள்ளைக் கோடு ஓடும். கல்லைத் திருப்பினால் கோடும் நகரும். ராஜா ஒவ்வொரு கல்லுக்கும் பெயர் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொஞ்சிக்கொண்டிருப்பான். பெரிய ஏரியின் மதகு உடைந்து கிடக்கிறது, மழைக்கு முன் கட்ட ஒரு முத்திரை வையுங்கள் என்று ஓலையோடு உலகுடையார் நடையாய் நடந்தார். "இந்தக் கோடு நேராக இருக்கிறதா பாருங்கள் மந்திரியாரே" என்று ராஜா கல்லைத்தான் நீட்டினான்.

ஒருநாள் காலை, கடல் கடந்து வந்த வியாபாரி ஒருவன் கிளிப்பச்சை நிறத்தில் ஒரு வைடூரியம் கொண்டுவந்தான். ரத்தினப் பரீட்சகர் ஆதிகேசவப் பண்டிதர் அதை வெயிலில் பார்த்து, உலகத்திலேயே இதுபோல் இன்னொன்று இல்லை என்றார். ராஜா வாங்கிவிட்டான். வியாபாரியும் கப்பலேறிவிட்டான்.

கல் கருவூலத்துக்குப் போனது. திருட்டுக்குப் பயந்து ஜன்னலே இல்லாமல் கட்டிய அறை அது. காவலன் அம்பலவாணன் ஏற்றும் எண்ணெய் விளக்குதான் அங்கே வெளிச்சம். விளக்கு வைக்கும் நேரத்தில் ராஜா வந்து கல்லைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது வழக்கம். அன்று மாலை வந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே மாதுளை முத்தாய்ச் சிவந்த கல் இருந்தது.

திருட்டு என்று அரண்மனையே அமளிப்பட்டது. மறுநாள் காலை சபைக்கு எடுத்துவந்தால் கல் பச்சை. திருடன் பயந்துபோய்த் திருப்பி வைத்துவிட்டான் என்றார் பண்டிதர். மாலையில் மறுபடியும் சிவப்பு. மறுபடியும் திருடிவிட்டான் என்றார். காவலை இரட்டிப்பாக்கினார்கள். கல் காலையில் திரும்பி வருவதும் மாலையில் திருட்டுப் போவதுமாகவே இருந்தது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று என்று உலகுடையார் உள்ளுக்குள் வெந்தார்.

அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பகல் வெளிச்சத்தில் பச்சை, விளக்கு வெளிச்சத்தில் சிவப்பு, கல்லின் குணமே அதுதான் என்று ராஜாவிடம் நேராகவே சொன்னார். பண்டிதர் வாய்விட்டுச் சிரித்தார். மந்திரிக்கு மதகு தெரியும், மணி தெரியுமா என்று கேட்டார். மந்திரி பதவி தனக்கு வரவேண்டியது என்ற வயிற்றெரிச்சல் அவருக்கு ரொம்ப நாளாக உண்டு. ஜன்னலைச் சாத்தி விளக்கேற்றிக் காட்டுகிறேன் என்றார் உலகுடையார். இருட்டில் கல்லை மாற்ற எவனுக்கும் ஒரு நொடி போதும், மந்திரிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்றார் பண்டிதர். ராஜா அதற்கும் தலையாட்டினான்.

"கல் தானாக நிறம் மாறாது, மகாராஜா," என்றார் பண்டிதர். "மாறினால் அது யார் பொறுப்பில் இருந்ததோ அவனே திருடன்."

அதையே ராஜா தீர்ப்பாக்கிவிட்டான். அம்பலவாணனின் வலது கையை மறுநாள் விடியலில் வெட்டவேண்டியது.

உலகுடையாருக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு ஏழையின் கை போகப்போகிறது, இவர்களுக்கு வைடூரியம். ஆனாலும் குரலைப் பணிவாக வைத்துக்கொண்டு, தீர்ப்பு நியாயமானதுதான் என்றார். "ஒரே ஒரு விண்ணப்பம். நிஜக் கல் இப்போது கையில் இருக்கிறது. இன்று மாலைவரை திருடன் நெருங்க முடியாத ஒருவர் கையில் அதை வைத்துவிட்டால் போதும். அப்படி ஒரு கை இந்தச் சபையில் பண்டிதருடையதுதான்."

பண்டிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்லை வெயிலில் காட்டி, பச்சை, அசல் என்று உரக்கச் சொல்லி வலது உள்ளங்கையில் மூடிக்கொண்டார். மூடிய கையைப் பட்டுத்துணியால் கட்டி, ராஜா தானே அரக்கு முத்திரை வைத்தான். பண்டிதர் மத்தியானச் சாப்பாட்டைக்கூட அடுத்தவர் ஊட்டிவிடச் சாப்பிட்டார். அப்போதும் அந்தப் பெருமை குறையவில்லை.

பொழுது சாய்ந்தது. சபையில் விளக்கு ஏற்றினார்கள். ராஜா முத்திரையை உடைத்துக் கட்டை அவிழ்த்தான். பண்டிதர் விரல்களை விரித்தார்.

உள்ளங்கையில் செக்கச்செவேலென்று இருந்தது கல்.

"மகாராஜா, தீர்ப்பை ஒருமுறை நினைவுபடுத்தட்டுமா?" என்றார் உலகுடையார். "யார் பொறுப்பில் இருந்தபோது நிறம் மாறியதோ, அவரே திருடர். வலது கைதானே?"

பண்டிதர் தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தார். "நான் மாற்றவில்லை, மகாராஜா. கை கட்டியபடியே இருந்தது. இது விளக்கு வெளிச்சத்தில் தானாகச் சிவக்கிற கல். என் தாய்மேல் ஆணை."

"இதைத்தான் நானும் சொன்னேன்," என்றார் மந்திரி. "அப்போது சிரித்தீர்கள்."

ராஜாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அம்பலவாணனை அவிழ்த்துவிடச் சொன்னான். பொற்கிழி கொடுத்தான். கல்லைக் கருவூலத்தில் பழையபடி வைத்துவிட்டு வா என்று அவனிடமே நீட்டினான். அம்பலவாணன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மன்னிக்க வேண்டும் என்று நின்றான். வேறு வழியில்லாமல் ராஜா பண்டிதரையே கருவூலக் காவலுக்குப் போகச் சொன்னான்.

"உமக்கு என்ன வேண்டும் மந்திரியாரே? அந்தப் பச்சைக் கல்லையே தரட்டுமா?" என்றான், அரை மனதாக.

உலகுடையார் பெருமூச்சுவிட்டு, இடுப்பிலிருந்து ஓலையை எடுத்து நீட்டினார். ராஜா படிக்காமலே முத்திரை வைத்தான். அது போதும் அவருக்கு.

வாசலில் அம்பலவாணன் தன் வலது கையைத் தடவிப் பார்த்தபடி நின்றிருந்தான்.

"மதகுக்கு ஒரு காவல்காரன் வேண்டும், வருகிறாயா?" என்று கேட்டார் உலகுடையார். "புதுவெள்ளம் வந்தால் ஏரித் தண்ணீரும் சிவக்கும். அதற்காக அங்கே யாரும் கையை வெட்டமாட்டார்கள்."