வசவுக்கும் ஆமேன் சொன்ன ஃபைவெலார்

தோளில் ஒரு கம்பு, கம்பின் இரு முனையிலும் வாளி, வாளியில் முட்டைக்கோஸ் சூப். ஃபைவெலாரின் திருத்தொண்டு இவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை போலந்தைப் பிடித்தது. அங்கே ஒரு நகரத்து யூதர்களையெல்லாம் ஒரு மதிலுக்குள் அடைத்துப் பட்டினி போட்டது. உள்ளே இருந்தவர்கள் தாங்களே சங்கம் கூடிப் பொதுச் சமையற்கூடம் நடத்தினார்கள். வரிசையில் வந்து நிற்கத் தெம்பில்லாதவர்களுக்கு மாடி மாடியாக ஏறிச் சூப் கொடுத்தவர் ஃபைவெலார்.

உண்பதற்கு முன் இறைவனை வாய்விட்டு வாழ்த்துவது யூதர் வழக்கம். கேட்டவர் "ஆமேன்", அதாவது "அப்படியே ஆகட்டும்" என்று சொல்ல வேண்டும். தனியாகக் கிடப்பவருக்கு ஆமேன் சொல்ல ஆள் ஏது? ஆகவே ஃபைவெலார் ஒவ்வொரு வாசலிலும் காத்து நின்று, சொல்லிவிட்டே நகர்வார். அவர் ஆமேன் சொன்னால் மூன்று தெருக் கூரைகளின் பனி மொத்தமாகச் சரியும்!

"சூப் கொடுக்கப் போனாயா, கல்யாணத்துக்குப் போனாயா?" என்பார் சமையற்காரர் ஸால்மென். "நீ கத்துவதில் மதிலே விழுந்துவிடும்டா!"

"விழட்டுமே," என்பார் ஃபைவெலார்.

நாலாம் மாடியில் ட்ரைனா அம்மாள் இருந்தார். ஒரே மகனைப் படைவீரர்கள் இழுத்துப்போன நாள்முதல் அவர் இறைவனை வாழ்த்தவில்லை. வாழ்த்தாமல் உண்டு பழக்கமும் இல்லை. கிண்ணம் நிறைந்தபடியே திரும்பியது. இன்னும் ஒருநாள் இப்படிப் போனால் உயிர் தங்காது என்பது ஃபைவெலாருக்குத் தெரிந்தது.

"அம்மா, ஒரு வாய்."

"அவனுக்கு நன்றி சொல்லவா? என் பிள்ளையைத் திருப்பித் தரச் சொல், சொல்கிறேன்."

ஃபைவெலார் வாளிகளை இறக்கிவைத்தார். "நன்றி வேண்டாம் அம்மா. திட்டுங்கள். அதுவும் அவனோடு பேசுவதுதானே? நான் ஆமேன் சொல்கிறேன்."

திட்டினார் பாருங்கள்! ஏழு வானத்துத் தேவதூதர்களும் சிறகால் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். கடைசியில் குரல் உடைந்தது. "இறைவா, உனக்கும் ஒரு தாய் இருந்திருந்தால் இப்படிச் செய்திருப்பாயா?"

"ஆமேன்" என்றார் ஃபைவெலார், கண்ணீர் வழிய.

அந்த அறையில் மூன்றாவது ஆள் இல்லை. ஆனாலும் மூன்றாவதாக ஒரு குரல், மிக மெல்ல, தலைகுனிந்து நிற்பவன் சொல்வது போல, "ஆமேன்" என்றது.

அம்மாள் கிண்ணத்துக்குக் கை நீட்டினார்.

தன்மேல் வந்த குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ள இறைவனை நாலு மாடி ஏறிவரச் செய்த தொண்டரின் திருவடிக்கு வணக்கம்.